எங்கள் காலனியில் யார் ‘பிரில்லியண்ட்’?

சென்ற வாரம் எங்கள் மாலை நேர வகுப்பில் ‘பிரில்லியண்ட்’ என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டோம். வியந்து பாராட்டும் சொல். ஒளிர்வது என்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். அறிவால் ஒளிர்கிறவரையும் அப்படிச் சொல்கிறோம். ‘எ பிரில்லியண்ட் ஐடியா’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், ‘ஷி இஸ் பிரில்லியண்ட்’ என்று கடைசியிலும் வரும். ‘மிக’ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் பொதுவாக ‘வெரி’ சேர்ப்பதில்லை. அழுத்திச் சொல்ல ‘அப்சல்யூட்லி’ போடலாம். பிள்ளைகள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு, தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னோம். தலைமையாசிரியர் வந்தார், கலெக்டர் வந்தார், கிரிக்கெட் வீரர்கள் வந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் ‘மை மதர் இஸ் பிரில்லியண்ட்’ என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்தது. “உங்க அம்மா நடவுக்குத்தானே போவுது?” என்றான் ஒரு பையன். அவன் அம்மாவும் நடவுக்குத்தான் போகிறார்.

பாராட்டுச் சொற்களிலும் சாதி இருக்கிறது. எங்கள் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கினால் ‘கடின உழைப்பாளி’, ‘வறுமையிலும் சாதித்தவர்’. அதே மதிப்பெண்ணை ஊர்த்தெருப் பிள்ளை வாங்கினால் ‘புத்திசாலி’. உழைப்பு எங்களுக்கு, அறிவு அவர்களுக்கு! இடஒதுக்கீட்டுக்கு எதிரான ‘தகுதி, திறமை’ பேச்சு இந்தப் பங்கீட்டின் மேல்தான் நிற்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் முனைவர் பட்டம் பெற்றவர் அண்ணல் அம்பேத்கர். ரூபாயின் சிக்கல் பற்றிய அவரது பொருளாதார நூல் 1923இல் வெளிவந்தது. அவரையே ‘தலித் தலைவர்’ என்று சுருக்கிவிட்டுப் போகிறவர்கள், எங்கள் நடவுக்காரப் பெண்ணுக்கா அந்தச் சொல்லைத் தரப்போகிறார்கள்?

சிறுமியிடம் காரணம் கேட்டோம். எத்தனை காணிக்கு எத்தனை கட்டு நாற்று வேண்டும் என்று அம்மா பார்த்தே சொல்லிவிடுவாராம். பத்துப் பேர் கூலிக் கணக்கையும் நோட்டு இல்லாமல் மனதிலேயே போடுவாராம். ‘பிகாஸ்’ சேர்த்து அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் முழுதாக எழுதினோம். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஒரு சொல்லின் பொருளை அகராதி சொல்லிவிடும். அது யாருக்கு உரியது என்பதைச் சமூகம் சத்தமில்லாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அந்த இரண்டாவது பாடத்தை நாம்தான் திருத்த வேண்டும். தோழர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுக்கும்போது, முதல் எடுத்துக்காட்டு உங்கள் தெருவிலிருந்து வரட்டும். காரணத்தோடு வரட்டும்.

ஜெய் பீம்!