பத்தவைக்கப் போகும் பையனுக்கு

ஆவணி பிறந்தால் கோவில்பட்டி வெல்டிங் பட்டறைகளில் டிராக்டர் கலப்பைகள் வரிசை கட்டும். புரட்டாசி விதைப்புக்குள் கொழுவைப் பத்தவைத்தாக வேண்டும். பையன் கை பழக ஏற்ற காலம்தான். ஆனால் பட்டறையோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுதான். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கடன் வாங்கி ஏதோவொரு பொறியியல் கல்லூரியில் சேர்ப்பவர்களுக்கு இது ஏனோ இளப்பம். திருச்சி பெல் நிறுவனம் 1975இலேயே வெல்டிங்குக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய தொழில் இது! குழாய் வேலைக்கு ஆளெடுப்பவர்கள் 6ஜி சோதனை வைப்பார்கள். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றிலும் பத்தவைக்க வேண்டும்; அடிப்பக்கம் வரும்போதுதான் கை உதறும். அதைவிட முக்கியம் கண். புதுப்பையனுக்கு முகக்கவசம் தராமல், "அங்கிட்டுத் திரும்பிக்கோடா" என்பதோடு முடித்துக்கொள்ளும் பட்டறைகள் இன்னும் உண்டு. அன்று ராத்திரியே கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும், தூக்கம் இராது. கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. வேலைக்கு விடுமுன் தகப்பனார் வெல்டிங் கண்ணாடி பொருத்திய கவசம் ஒன்று வாங்கித் தரட்டும். செல்போனைவிட விலை குறைவுதான்.