எண்ணெயும் ஜலசந்தியும்

பணம் இருந்தால் எண்ணெய் எங்கிருந்தாவது வந்து சேரும் என்று நம்மில் அனேகர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். விற்கிறவன் யார் என்று பேசுகிறார்களே ஒழிய, சரக்கு எந்த வழியாய் வருகிறது என்று கேட்பவர்கள் மிகச் சிலரேயாவார்கள்.

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளியில்தான் வாங்கி வருகிறது. ஈராக், சவுதி அரேபியா முதலிய தேசங்களின் எண்ணெய் பெரும்பாலும் ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவிலுள்ள ஹார்முஸ் ஜலசந்தி வழியாகவே வரவேண்டும். குறுகலான இடத்தில் அதன் அகலம் சுமார் 33 கிலோமீட்டர்தான். 2024-ல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய், அதாவது உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு, இந்தச் சந்து வழியாய்ப் போயிற்று.

2022-க்குப் பின் ரஷியாவிடம் மலிவாய் வாங்கினார்கள். வாங்கியதைக் குற்றம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அதனாலேயே ஆபத்து நீங்கிவிட்டதாய் மார்தட்டிக் கொண்டார்களே, அதுதான் நமக்கு விளங்கவில்லை. பால்டிக் கடலிலும் கருங்கடலிலும் ஏற்றப்படும் ரஷிய எண்ணெய் சூயஸ் கால்வாயையும் செங்கடலையும் தாண்டியல்லவா வரவேண்டும்? 2023 நவம்பர் முதல் அங்கே ஹூதிகள் கப்பல்களைத் தாக்கினார்கள். 2024 ஜனவரியில் ரஷிய நாப்தாவை ஏற்றி வந்த மார்லின் லுவாண்டா என்ற கப்பல் ஏடன் வளைகுடாவில் தீப்பற்றி எரிந்தது. அதிலிருந்த மாலுமிகளில் 22 பேர் இந்தியர்கள். விற்கிறவனை மாற்றினோம், வாசலில் நிற்கும் ஆபத்து மாறவில்லை.

சரி, இருப்பு எவ்வளவு? விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறைக்குள் குடைந்த குகைகள் முழுவதும் நிரம்பினாலும் 53 லட்சத்து 30 ஆயிரம் டன்தான். அது ஒன்பதரை நாளைக்குக் காணும். கம்பெனிகளின் தொட்டிகளில் உள்ளதையும் சேர்த்து 74 நாள் என்று சர்க்கார் கணக்குச் சொல்லிற்று.

கேஸ் விஷயமோ இதைவிட மோசம். 2024-ல் நாம் எரித்த சமையல் கேஸில் 100-க்குச் சுமார் 60 பங்கு இறக்குமதி. அதில் மிகப் பெரும் பாகம் வளைகுடாச் சரக்கே. விசாகப்பட்டினத்துக் கேஸ் குகை கொள்ளுவது 60 ஆயிரம் டன். தேசம் ஒரு நாளில் எரிப்பதோ சுமார் 85 ஆயிரம் டன்! சிலிண்டர் நிரப்பும் இடங்களில் வேறு தொட்டிகள் உண்டென்றாலும், பெட்ரோலைப் பற்றிப் பேசும் கனவான்கள் இதைப்பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

2016 முதல் 10 கோடிக்கு மேற்பட்ட ஏழை வீடுகளுக்குக் கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். புகையிலிருந்து பெண்கள் தப்பியது மெத்தச் சரி. ஜலசந்தி அடைபட்டால் பணக்காரன் மறுநாளே மின்சார அடுப்பு வாங்கிக் கொள்வான். விறகையும் விட்டு, கேஸையும் இழந்தவள் என்ன செய்வாள்? கிரக பலன் பார்க்கும் நேரத்தில் பூகோளப் படத்தை எடுத்துப் பாருங்கள். பிறகு, கேஸ் சேமிப்பு எத்தனை நாளைக்கு, சாண எரிவாயுவுக்கும் மின்சார அடுப்புக்கும் ஏழைக்கு என்ன உதவி என்று ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் கேளுங்கள்.