பாட்டுக்குச் சுங்கம் வைத்தவர்கள்



"லினக்ஸ் ஓசிச் சரக்கு, அதில் ஒரு பாட்டைக்கூட எம்பி3 ஆக்க வழியில்லை" என்று ஏளனம் பேசியவர்கள் நம்மிடையே உண்டு. வழியில்லையா, வழியை அடைத்தார்களா? இதைக் கேட்டவர் எத்தனை பேர்?

குறுந்தகட்டில் ஒரு நொடி இசைக்கு 44,100 மாதிரிகள். மாதிரிக்கு 16 பிட், அதுவும் இரண்டு தடம். ஆக நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல்! மத்தளம் அதிரும்போது பக்கத்தில் வளையல் குலுங்குவது யார் காதில் விழுகிறது? விழாததைக் கழித்து, ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்குவதே எம்பி3. ஜெர்மனியின் பிரான்ஹோபர் ஆய்வுக்கழகம் முன்னின்று செய்த வேலை. அந்தக் கழகத்துக்கு அரசுப் பணமும் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மாதிரி நிரல் வெளியில் கிடைத்தது. தொண்டர்கள் அதை எடுத்துச் செப்பனிட்டார்கள். 1998-இல் வந்தது கடிதம்: காப்புரிமை எங்களுடையது, கப்பம் கட்டு! பின்னாளில் கேட்ட கட்டணம், ஒலிக்கும் நிரலுக்கே பிரதிக்கு 75 சென்ட். குறியாக்கும் நிரலுக்கு அதைவிட அதிகம். இனாமாகக் கொடுப்பவன் எத்தனை பிரதி போனது என்று எங்கே போய் எண்ணுவான்? எண்ண முடியாதவனிடம் எண்ணிக் கேட்பது வசூலா, விரட்டலா?

'லேம்' எழுதியவர்கள், இது எம்பி3 குறியாக்கியே அல்ல என்று பெயரிலேயே எழுதி வைத்து மூல நிரலாக மட்டும் வெளியிட்டார்கள். சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. 2002-இல் ரெட்ஹாட் தன் 8.0 வெளியீட்டிலிருந்து எம்பி3-ஐயே எடுத்துவிட்டது. அதே ஆண்டு கப்பமில்லாத 'ஆக் வோர்பிஸ்' 1.0 வந்தது. ஐபாட் அதைக் கடைசிவரை சீந்தவில்லை. பழி மட்டும் லினக்ஸ் தலையில்!

2017 ஏப்ரலில் எம்பி3 உரிமத் திட்டம் முடிந்தது. மறுமாதமே பெடோரா குறியாக்கியைச் சேர்க்க முன்வந்தது. நேற்றுவரை தீண்டத்தகாத நிரல், ஒரு வரிகூட மாறாமல் இன்று உத்தமமாயிற்று. என்னே நியாயம்!

நம் நாட்டிலும் முயன்றார்கள். 2004 டிசம்பரின் அவசரச் சட்டம் கணிப்பொறி நிரலுக்குக் காப்புரிமைக் கதவைச் சற்றே திறந்தது. இடதுசாரிகளும் கட்டற்ற மென்பொருள்காரர்களும் எதிர்த்தார்கள். 2005-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. கெஞ்சியா கிடைத்தது?

"எம்பி3 இப்போது இலவசம்தானே, இன்னும் ஏன் கூச்சல்?" என்பார்கள். ஏஏசி குடும்பத்தின் புதிய வகைகளுக்கு இன்றும் உரிமக் கட்டணம் இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

சங்கக் கிளைகளுக்கு ஒரு வார்த்தை. கூட்டப் பேச்சுகளை முதலில் 'பிளாக்' வடிவில் பதியுங்கள். அதில் ஓர் இம்மியும் இழப்பில்லை. அனுப்புவதற்கு அதிலிருந்து 'ஓபஸ்' எடுங்கள். பேச்சுக்கு 32 கிலோபிட் தாராளம். சுருக்கிய எம்பி3-ஐ மறுபடி சுருக்கினால் இருந்த குரலும் தேயும். இரண்டுக்கும் லினக்ஸில் நிரல் உண்டு, காசில்லை. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகவே வையுங்கள்.