மஹரும் மன்னிப்பும்

மதீனாவில் ஒருவரின் ஜனாஸா தொழுகைக்காகக் கொண்டு வரப்பட்டது. அவருக்குக் கடன் ஏதும் உண்டா என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். இரண்டு தீனார் உண்டு என்றனர் தோழர்கள். அண்ணலார் தொழவைக்காமல் விலகிக்கொண்டார்கள். அக்கடனைத் தாம் ஏற்பதாக அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்த பிறகே தொழுகை நடந்தது. பின்னர் வெற்றிகள் கிட்டிப் பொருள் வசதி ஏற்பட்டபோது, கடனோடு இறக்கும் முஃமின்களின் கடனைத் தாமே அடைப்பதாக அறிவித்தார்கள். கடன் கொடுத்தவரை ஜனாஸாவின் அருகில் நிறுத்தி, மன்னித்துவிடு என்று நெருக்கியதாக அந்த ஹதீஸில் ஒரு சொல்லும் இல்லை. வாசக அன்பர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

அல்லாஹ்வின் மன்னிப்புக்கு எல்லை ஏது? அவனது அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று திருமறையே பாவிகளை அழைக்கிறது. ஆயினும் தவ்பாவுக்கு நிபந்தனைகள் உண்டு. பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்கு வருந்துதல், இனிச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றோடு, பாவம் மனிதர் உரிமையைச் சார்ந்ததாயின் அவ்வுரிமையைத் தீர்த்தல் நான்காவது என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (1233-1277) ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் விளக்குகிறார்கள். இறைவழியில் உயிர்நீத்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்பது நபிமொழி. ரமளானின் கடைசிப் பத்து இரவுகளில் கண்ணீர் வடிக்கும் நம்மில் எத்தனை பேர், மளிகைக் கடைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கியை அவ்வேளையில் நினைக்கிறோம்?

அந்தப் பாக்கியையாவது கடைக்காரர் கேட்டு வாங்கிவிடுவார். கேட்கத் துணியாத கடன்காரி ஒருத்தி வீட்டிற்குள்ளேயே இருக்கிறாள். அவள்தான் மனைவி. நிக்காஹுக்கு முன்பே கைக்கூலியை எண்ணி வாங்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. மஹரோ பல வீடுகளில் தஃப்தரில் எழுதிய எழுத்தாகவே உறங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஒரு மையித்து வீட்டிற்குச் சென்றிருந்தேன். கஃபனிட்டாயிற்று. சந்தூக்கைத் தூக்கும் நேரம். உள்ளிருந்து அவர் மனைவியை அழைத்து வந்தார்கள். “மஹரை மாப்பு செய்தேன் என்று சொல்லம்மா” என்றாள் ஒரு முதியவள். அழுகையினூடே ஏதோ ஒரு சொல் வந்தது. போதும் என்று தூக்கிவிட்டார்கள். ஓதிப் பட்டம் பெற்ற நானும் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. துக்க வீட்டில் பிரச்சினை வேண்டாம் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானமே அல்ல.

மனைவியர் மனமுவந்து விட்டுக்கொடுப்பதை மட்டுமே ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கணவனுக்கு அனுமதிக்கிறது. ஊரார் சூழ்ந்து நிற்க, கணவனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் பெண்ணால் மறுத்துப் பேச இயலுமா? பிறரை வெட்கத்தில் நிறுத்திப் பெறும் பொருள் பறித்த பொருளுக்கு ஒப்பாகும் என்று ஃபிக்ஹு நூல்கள் எச்சரிக்கின்றன.

சொத்தைப் பங்கிடும் விதியும் தெளிவானதே. அடக்கச் செலவு போகக் கடன்கள் தீர வேண்டும். பின்னரே வஸிய்யத்தும் வாரிசுப் பங்குகளும். மஹர் ஒரு கடன். பிள்ளைகள் உள்ளபோது மனைவிக்கு வரும் எட்டில் ஒன்று வேறு, மஹர் வேறு. எட்டிலொன்றைக் கொடுத்துவிட்டு மஹரும் அதில் அடங்கிற்று என்பது கணக்கல்ல. இறந்தவர் கொடுக்காது விட்ட ஜகாத்தும் இப்படித்தான். நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், அவர் வஸிய்யத் செய்யாவிடினும் அது சொத்திலிருந்து முதலில் எடுக்கப்படும். ஹனஃபீ மத்ஹபில் வஸிய்யத் செய்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறைவேற்றப்படும்.

அந்த வீட்டின் மூத்த மகன் இத்தா முடிந்தபின் என்னிடம் பாகப்பிரிவினைக்கு வந்தான். அன்று சொல்லாததை அப்போது சொன்னேன். பள்ளிவாசலுக்குச் சென்று தஃப்தரைப் பார்த்தான். 5 சவரன் என்றிருந்தது. தம்பிமாரிடம் பேசி, பங்கு பிரிக்குமுன் அந்த நகையை வாங்கித் தாயிடம் கொண்டுபோய் வைத்தான். மன்னித்துவிட்டேனே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தானாம். அவர் ஒன்றும் பேசாமல் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாராம்.