ரம்பத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள்

ஆர்பிடி எனும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்கு உங்கள் பிள்ளை கடைசியாகக் கொண்டுபோன மாதிரிப் பொருளைச் செய்தது யார்? உண்மையைச் சொல்லுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அட்டையை வெட்டிப் பசை தடவி, காய்வதற்காகக் காற்றாடிக்குக் கீழே வைத்தது அப்பா. வர்ணம் அடித்தது அம்மா. பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டது. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மதிப்பெண்ணும் வாங்கி வந்தது. இதைத் தப்பு என்றுகூட நாம் நினைப்பதில்லை. "பிள்ளைக்குக் கொஞ்சம் உதவி செஞ்சேன்" என்கிறோம்.

பைராம் தோட்டத்துக்காரர்களுக்கும், தோட்டத்தை விட்டு நிபோங் திபால், ஜாவி தாமான்களுக்குக் குடிபோனவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே பி.டி.3யும் போனது. பிள்ளைகளுக்கு மூச்சுவிடக் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று பார்த்தால், அதையும் டியூஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். மிச்சத்தைக் கைப்பேசி எடுத்துக்கொண்டது. கைப்பேசியைக் கொடுக்கும்போது நடுங்காத நம் கை, கைரம்பத்தைக் கொடுக்கச் சொன்னால் மட்டும் நடுங்குகிறது.

வருகிற பள்ளி விடுமுறையில் வாசலுக்கு ஒரு மரப் பெஞ்சு போடுங்கள். பிள்ளை செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பேனா வைக்கும் பெட்டியோ புறாக் கூண்டோ வேண்டாம். அவை கோணலாக இருந்தாலும் "அழகா இருக்கு" என்று சொல்லிச் சமாளித்துவிடுவீர்கள். பெஞ்சில் தாத்தா உட்காருவார். அது ஆடினால் வீட்டுக்கே தெரிந்துவிடும், யாரும் முகத்துக்காகப் புகழ முடியாது.

மரம் வாங்கப் போனால் பலர் முதலில் தேடுவது ரப்பர் மரத்தைத்தான். விலை குறைவு, பார்க்க வெளுப்பாக அழகாக இருக்கும், நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரம் என்ற பாசம் வேறு. இருபத்தைந்து முப்பது ஆண்டில் பால் வற்றிய மரத்தை அந்தக் காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். அறுத்து வைத்தால் சில நாளிலேயே நீலக்கறை படியும், வண்டு துளைத்து மாவாக்கும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான், 1980களிலிருந்து அது நாற்காலி மேசையாகிக் கப்பலேறியது. ஆனால் அந்த மருந்து தண்ணீரில் கரையும். கூடத்தில் பல ஆண்டு தாங்கும் ரப்பர் மரம், நம்ம ஊர் மழைக்கு வெளியே போட்டால் சீக்கிரமே உளுத்துவிடும். பாசத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்குச் செங்கால் அல்லது பாலாவ் போன்ற கெட்டி மரம் வேண்டும். புது செங்கால் விலை கையைச் சுடும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு சட்டம் கிடைக்கலாம். வாங்கியதும் காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்து ஒளிந்திருக்கும் ஆணியைப் பிடுங்குங்கள். பழைய சாயம் இருந்தால் அதைப் பிள்ளையைத் தேய்க்க விடாதீர்கள். அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருக்கலாம்.

நல்ல மரத்தில் கை வைப்பதற்கு முன் பழக வேண்டுமே என்றால், பத்து காவான் தொழிற்சாலைப் பக்கம் கழித்துப் போடும் பேலட் பலகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் முத்திரை குத்தியிருக்கும். எச்.டி. என்று இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தது என்று பொருள். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை காட்டியது, அதை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள்.

பெஞ்சுக்கு நான்கடி நீளமும் பதினேழு அங்குல உயரமும் போதும். இரண்டு பக்கமும் கால்களை இணைக்கச் சட்டம், மேலே பலகைகள், பலகைக்கு நடுவே கால் அங்குல இடைவெளி. இடைவெளி விடாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கும். நான்கடிக்கு அடியில் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்காவிட்டால் பலகை தொய்யும். ஸ்க்ரூ போடுவதற்கு முன் அதைவிடச் சிறிய துளை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பலகை ஓரத்தில் வெடிக்கும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வெறும் இரும்பு செங்கால், பாலாவ் மரங்களில் கருப்புக் கறை விடும். மரம் தண்ணீரை அதிகம் குடிப்பது வெட்டுவாய் வழியாகத்தான். எண்ணெய் பூசும்போது பிள்ளை பளபளப்பான மேற்பரப்பையே தடவிக்கொண்டு நிற்கும், காலின் அடிப்பக்கத்தை மறந்துவிடும். அதை மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.

மூலை சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மூலையிலிருந்து ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர், மறுபக்கம் 40 சென்டிமீட்டர் குறித்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்தால் 50 வர வேண்டும். படிவம் ஒன்றில் பைத்தகரஸ் என்று மனப்பாடம் செய்கிறார்களே, அதுதான் இது. 51 வந்தால் எதை எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்று பிள்ளை தானாக யோசிக்கும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் நமக்குக் கஷ்டம்.

"விரலை வெட்டிக்கிட்டா?" சுழலும் மின்ரம்பத்தைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லவில்லை, அது பெரியவர்கள் வேலை. பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மறு கையை அறுக்கும் கோட்டிலிருந்து தள்ளி வைத்து, கைரம்பத்தால் மெதுவாக அறுக்கலாம். நாலாம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பெரியவர் பக்கத்தில் இருந்தால் இது முடியாத வேலை இல்லை. சின்னக் கீறல் வரும், பிளாஸ்டர் போடுங்கள்.

"பெண் பிள்ளைக்கு எதுக்கு?" என்பவர்களுக்கு ஒன்று. பின்லாந்து 1866இலேயே கிராமத்துப் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது, பையன்களுக்கு. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழித்து நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் "பையன்களுக்கு" என்ற பகுதியை மட்டும்தான் போலிருக்கிறது. வீட்டில் குழாய் ஒழுகினால், கதவுக் கீல் கழன்றால் மகள் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

செய்து முடித்ததும் பெஞ்சு கட்டாயம் ஆடும். ராத்திரியில் பிள்ளை தூங்கிய பிறகு போய்ச் சரிசெய்யாதீர்கள். சமதரையில் வைத்து, ஆடாதபடி குட்டைக் காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, தரையில் ஒரு துண்டுப் பலகையை வைத்து நான்கு கால்களிலும் ஒரே உயரத்தில் பென்சிலால் கோடு போட்டு அறுக்கச் சொல்லுங்கள். கூடுதலாக அறுத்துவிட்டால் பெஞ்சு ஓர் அங்குலம் குள்ளமாகும், அவ்வளவுதான். பிறகு சிமெண்டுக் கல் மேல் கால்களை வைத்து, வீட்டிலேயே கனமான ஆள் யாரோ அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். அது நீங்களாக இருந்தால், "உடைஞ்சிடாதே?" என்று கேட்காமல் உட்காருங்கள்.