எண்ணிக்கையா, மானமா?

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் தேறி அமெரிக்கா செல்ல விழையும் வாலிபர்கள், கல்லூரிக்கு அருகிலுள்ள காந்தி மண்டபத்தில் சற்று நின்று ஒரு பழைய போரை நினைவு கூர்வது நலம்.

1909இல் டிரான்ஸ்வால் சர்க்கார், கல்வி கற்ற இந்தியரை வருஷத்துக்கு 6 பேர் வீதம் அனுமதிக்க இசைந்தது. அது சலுகையாகவே அளிக்கப்பட்டது, உரிமையாக அன்று. காந்தியடிகள் அதை மறுத்தார். 6 பேர் போதாதென்று அவர் வாதாடவில்லை. நிறம் பற்றிய இழிவு சட்டப் புத்தகத்தில் இருத்தலாகாது என்பதே அவர் கட்சி. அந்தப் போரில் சிறை புகுந்த தமிழர் பலர். நாகப்பன் என்னும் வாலிபன் சிறைத் துன்பத்தால் அவ்வருஷமே மாண்டான்.

அமெரிக்காவோ 1917இல் ஆசியாவின் பெரும் பகுதிக்குக் கதவடைத்தது. பிற நாட்டாருக்கு 1921ஆம் வருஷச் சட்டம் 1910ஆம் வருஷ ஜனக்கணக்கில் நூற்றுக்கு 3 பங்கு வைத்தது. 1924ஆம் வருஷச் சட்டமோ 1890ஆம் வருஷக் கணக்கைத் தேடியெடுத்து, அதில் நூற்றுக்கு 2 பங்காகக் குறைத்தது. பழங்கணக்கை நாடியதேன்? இத்தாலியரும் யூதரும் பெருந்திரளாக வருமுன் எடுத்த கணக்கு அது. துவேஷம் கணித வேஷம் பூண்டு வந்தது!

1946இல் ஏறத்தாழ 40 கோடி இந்தியருக்கு வருஷம் 100 இடம் கிடைத்தது. எண்ணிக்கை அற்பமே. ஆயினும் அச்சட்டம் குடியுரிமை பெறும் தகுதியையும் தந்தது. அதனாலன்றோ தலிப் சிங் சௌந்த் 1956இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்! தேசவாரிப் பங்கீட்டை 1965ஆம் வருஷச் சட்டம் ஒழித்தது.

ஆனால் வேர் முற்றும் அறவில்லை. 1990ஆம் வருஷச் சட்டப்படி, குடும்பம், தொழில் ஆகிய வகைகளில் நிரந்தரமாகக் குடியேறும் அனுமதிகளில் எந்த நாட்டில் பிறந்தோருக்கும் பொதுவாக நூற்றுக்கு 7 பங்கே வரம்பு. ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவு! ஒரே தொழிற்சாலையில் ஒரே வேலை செய்யும் இருவரில், இந்தியாவில் பிறந்தவர் மட்டும் பல்லாண்டுகள் காத்துக் கிடக்கிறார். நிறத்தின் பெயர் சட்டத்தில் இல்லைதான். ஆனால் பிறந்த மண் அங்கே குறையாக எண்ணப்படுகிறது.

எத்தனை பேரை ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமை எந்தத் தேசத்துக்கும் உண்டு. சுதந்திர இந்தியாவுக்கும் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. மொத்த எண்ணிக்கையை அவர்களே வகுக்கட்டும். ஆனால் வரிசையில் நிற்பவனின் தகுதியைக் கேட்கட்டும்; தொட்டில் ஆடிய ஊரைக் கேட்க வேண்டாம். வாஷிங்டனுடன் பேசும் நம் சர்க்கார் சில ஆயிரம் இடங்களை அதிகமாகக் கேட்டுப் பெற்றுத் திருப்தியடைந்தால், 6 இடங்களை மறுத்த மகாத்மாவின் பாடத்தை மறந்ததாகும். கேட்க வேண்டியது சலுகையன்று, சமநீதி.