7 பெரிசா, 3 பெரிசா? – ஒரு கணித வாத்தியாரின் குற்ற ஒப்புதல்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என் மீது.

2023 கடைசியில் எங்கட பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து காசு திரட்டி ஆறு கம்பியூட்டர் வாங்கிக் கொடுத்தோம். வீட்டிலிருந்தே தொழில் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு, முக்கியமாக வெளியே போய் வேலை செய்யும் வசதி இல்லாத பெண்பிள்ளைகளுக்கு. கொள்வனவுக்கு மூன்று பேர் கொண்ட குழு. "ஸேருக்கு இதெல்லாம் தெரியும்" என்று என்னையும் அதில் போட்டார்கள்.

இரண்டு கொட்டேஷன் வந்தது. ஒன்றில் "ஐ3", மற்றதில் "ஐ7". ஐ7 போட்டவர் ஒரு மெஷினுக்கு 15,000 ரூபா குறைத்தும் கேட்டிருந்தார். கேசிங்கில் கலர் லைட் வேறு. நான் கையெழுத்துப் போட்டேன். 7 என்பது 3ஐ விடப் பெரியது என்று முடிவெடுத்த கணித வாத்தியார் நான்தான்.

இன்றைக்கு அந்த ஆறில் மூன்றுதான் உயிரோடு இருக்கிறது. இரண்டு மெஷினில் பவர் சப்ளை புகைந்தது. ஒன்று போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. மூன்றாவதின் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் ஓ.எல். படித்த பிள்ளை. வாப்பா இல்லை. கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். உம்மாவின் மருந்தும் தம்பியின் டியூஷனும் அந்தக் காசில்தான். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு முடிந்ததும், வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோரும் விண்டோஸ் 11க்கு மாற வேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. கணக்குத் தகவல் கையாளுகிறவர்கள் அப்படிச் சொல்வது நியாயம்தான். இவளுடைய மெஷினோ, தான் அதற்குத் தகுதியில்லை என்று திரையில் காட்டியது. வேறு மெஷின் வாங்க வழியில்லை. வேலை போய்விட்டது.

பில்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "ஸேர், இது ஐ7தானே? ராத்தாட ஐ3க்கு வேலை செய்யுது, எனக்கு ஏன் செய்யல்ல?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் படிக்கத் தொடங்கினேன். வாங்க முன்னர் படித்திருக்க வேண்டியதை.

விஷயம் இதுதான். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரு வருடத்து ப்ரொசஸர்களுக்கு இடையில் உள்ள வகுப்புப் பிரிவு மட்டுமே. எந்த வருடத்து வகுப்பு என்று சொல்வது அதற்குப் பின்னால் வரும் இலக்கம். ஐ7-3770 என்றால் முதல் இலக்கம் 3, அதாவது மூன்றாம் ஜெனரேஷன், 2012இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாவது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாவது, 2022இல் வந்தது. நாங்கள் வாங்கிக் கொடுத்தது 3770. அதில் 4 கோர், 8 திரெட். 12100இலும் அதே 4 கோர், 8 திரெட்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் பத்து வருடம். புதிய ஐ3 அந்தப் பழைய ஐ7ஐ இலகுவாக முந்திவிடும், கரண்டும் குறைவாக எடுக்கும்.

விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் ஜெனரேஷனிலிருந்துதான் அனுமதி. அதோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2012இன் மெஷினுக்கு இந்த இரண்டும் இல்லை.

இதிலே இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. "போர்ட் புத்தம் புதுசு, பெட்டியோட வரும்" என்பார்கள். பெட்டி புதுசுதான். ஆனால் உள்ளே இருப்பது எச்61 என்ற 2011ஆம் ஆண்டின் சிப்செட். பழைய போர்டுகளிலிருந்து சிப்பைக் கழற்றி, புதிய தகட்டில் ஒட்டி, பெயர் தெரியாத பிராண்டில் சீனாவிலிருந்து வருகிறவை அவற்றில் நிறைய. ரேம் டி.டி.ஆர்.3. அந்த ரேமைப் பிறகு எந்தப் புதிய மெஷினிலும் போட முடியாது. அதாவது நீங்கள் வாங்குவது ஒரு முட்டுச்சந்து.

நாங்கள் மாத்தளைக்காரர்கள். மிளகு வாங்குகிறவர் சாக்கைத் திறந்து, கையை அடி வரைக்கும் விட்டு, எடுத்து நசுக்கிப் பார்க்காமல் காசு கொடுப்பாரா? ஈரம் இருக்கிறதா, சொத்தை கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடுவாரா? மேலே நல்ல மிளகைப் பரப்பி அடியில் சொத்தையைப் போட்டு விற்றால் அதற்கு என்ன பெயர் என்று மக்தப் பிள்ளைக்கும் தெரியும். "ஐ7" என்று பெரிய எழுத்தில் போட்டு, 3770 என்பதை விட்டுவிட்டு பில் எழுதுவதற்கு வேறு பெயர் இருக்கிறதா? பழையதை விற்பது குற்றமில்லை. பழையது என்று சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

ஆனால் கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சாக்கைத் திறக்காமல் காசு கொடுத்தவர்கள் நாங்கள்.

சரி, வீட்டு வேலைக்குக் குறைந்த செலவில் ஒரு மெஷின் கட்டுவதென்றால் காசு எங்கே போக வேண்டும்? கணக்கு எழுத, டைப் செய்ய, ஸூமில் படிப்பிக்க, ஒரு போஸ்டர் செய்ய. எங்கட ஊர்களில் வீட்டு வேலை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

முதலில் ப்ரொசஸர். ஐ3-12100 அல்லது ரைஸன் 5 5600ஜி போன்ற ஒன்று தாராளம். இந்த வேலைகளுக்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் தேவையே இல்லை. ஆனால் ஒன்றில் கவனம்: 12100க்குப் பின்னால் "எஃப்" என்ற எழுத்து இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. சில ஆயிரம் மலிவாக இருக்கிறதே என்று எடுத்து வந்தால், கார்ட் ஒன்று வாங்கும் வரைக்கும் மொனிட்டரில் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது எஸ்.எஸ்.டி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸைப் போட்டுத் தந்தால் எந்த ப்ரொசஸரும் மாட்டு வண்டிதான். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் என்ற பெரிய இலக்கத்தைக் கண்டு மயங்க வேண்டாம். நான் மயங்கினேன்.

மூன்றாவது ரேம். 8 ஜி.பி. குறைந்தபட்சம், முடிந்தால் 16. 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் மெமரிச் சிப்பையெல்லாம் அள்ளிக்கொள்கின்றன. ஆகவே இப்போது 8 வாங்கி, பிறகு இன்னொரு 8 போட இடமுள்ள போர்டாகப் பாருங்கள். 12ஆம் ஜெனரேஷன் போர்டுகளில் டி.டி.ஆர்.4க்கு ஒரு வகை, டி.டி.ஆர்.5க்கு ஒரு வகை இருக்கிறது. ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது. கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, யாரும் பார்க்காத பவர் சப்ளை. எங்கட ஆறு மெஷினில் இரண்டைக் கொன்றது இதுதான். கலர் லைட் கேசிங்கோடு "இலவசமாக" வரும் பவர் சப்ளையில் 500 வாட் என்று ஒட்டியிருப்பார்கள். கையில் தூக்கினால் வெறும் டப்பா மாதிரி பாரமே இருக்காது. லைட்டுக்குக் கொடுக்கும் காசை வெட்டி, பெயர் தெரிந்த கம்பனியின் 80 பிளஸ் சான்றிதழ் உள்ள 400, 450 வாட் ஒன்றுக்குக் கொடுங்கள். லைட் எரிந்தால் கணக்கு சரியாக வருமா?

ஐந்தாவது யூ.பி.எஸ். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்துவிட்டோமா? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததென்று நாடே இருண்டு போனதே! ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி எங்கட மலைப்பக்கத்துக்குப் புதுசா? 650 வீ.ஏ. யூ.பி.எஸ். என்றால் 650 வாட் என்று நினைக்க வேண்டாம். வழமையாக 360 வாட் அளவில்தான் தாங்கும். சின்ன மெஷினுக்கும் மொனிட்டருக்கும் அது போதும். வேலையை சேவ் பண்ணி ஒழுங்காக மூட நேரம் தரும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் குத்த வேண்டாம். இடி இடித்தால் பிளக்கையே கழற்றுங்கள், ரௌட்டரின் வயரையும் சேர்த்து.

"இதெல்லாம் காசுள்ளவனுக்கு, ஸேர். எங்கட கையில் இருப்பது கொஞ்சம்தான்" என்று சொல்வது கேட்கிறது. நியாயம். 2022க்குப் பிறகு டொலர் எங்கே போனது, 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம் ஆனது, எல்லாம் என் சம்பளப் பட்டியலுக்கும் தெரியும். அப்படியானால் கம்பனிகள் பாவித்து விடும் பிராண்டட் ஒபிஸ் மெஷின்களைப் பாருங்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். ஒப்டிபிளெக்ஸில் 3060, 5060, 7060 என்று 60இல் முடிந்தால் எட்டாம் ஜெனரேஷன். 3050, 7050 என்று 50இல் முடிந்தால் ஏழாவது, அது வேண்டாம். எலைட்டெஸ்க் 800இல் ஜி4. திங்க்சென்டரில் எம்720. இவற்றின் பவர் சப்ளையும் போர்டும் அந்தந்தக் கம்பனிக்கே உரிய அளவு, பழுதானால் கண்ட கடையிலும் கிடைக்காது என்பது உண்மை. ஆனாலும் கலர் லைட் போட்ட எச்61ஐ விட ஆயிரம் மடங்கு மேல்.

"லெப்டொப் வாங்கினால் என்ன?" கரண்ட் அடிக்கடி போகும் வீட்டுக்கு, வீட்டுக்கும் வகுப்புக்கும் கொண்டுபோக வேண்டியவருக்கு, அது நல்லது. நான் மறுக்கவில்லை. ஆனால் அதே காசுக்கு டெஸ்க்டொப்பில் வேகம் கூட, பழுதானால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். எட்டு மணித்தியாலம் குனிந்து வேலை செய்கிற பிள்ளையின் கழுத்துக்கும் கண்ணுக்கும் பெரிய மொனிட்டர்தான் நல்லது.

எனக்கு உண்மையில் வலித்தது இன்னொரு பேச்சு. இதைக் குழுவில் கதைத்தபோது ஒரு சகோதரர் சொன்னார்: "இலவசமாகக் கொடுக்கிற சாமான்தானே ஸேர், இதுகளுக்கு இது போதும்."

இதுகளுக்கு! வசதியான பிள்ளைக்கு மெஷின் பழுதானால் வாப்பா வேறொன்று வாங்கிக் கொடுப்பார். இந்தப் பிள்ளைக்கு அந்த ஒன்றுதான். அது நின்றால் உலை நிற்கும். ஒரேயொரு தடவை கொடுக்கிறோம் என்றால், அது உடையாததாக இருக்க வேண்டும். ஆறு குப்பை கொடுத்துப் படம் எடுத்துப் போடுவதை விட, நான்கு நல்ல மெஷின் கொடுத்துப் படம் போடாமல் இருந்திருக்கலாம்.

ஊரில் உதவி செய்கிற எல்லாக் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இது. கொட்டேஷனில் ப்ரொசஸரின் முழு இலக்கம், போர்டின் மொடல், ரேமின் வகை, எஸ்.எஸ்.டி.யின் அளவு, பவர் சப்ளையின் பிராண்ட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வொரண்டி, புதியதா பாவித்ததா என்பது எழுதப்பட்டிருக்காவிட்டால் அதைத் திறக்கவே வேண்டாம். பில்லின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். ஒரு வருட வொரண்டி என்பதற்கு 350 நாள் என்று எழுதிய பில்லை நானே பார்த்திருக்கிறேன். இடி மின்னலில் எரிந்தால் பொறுப்பில்லை என்றும் இருக்கும். பில் கேட்டால் தர வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977.

காசைக் கொடுக்க முன்னர் கடையிலேயே மெஷினைப் போடச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்போமன்ஸ் பக்கத்தில் ப்ரொசஸரின் முழுப் பெயரும் நிற்கும். அரை நிமிட வேலை. சாக்குக்குள் கை விடுவது இதுதான்.

ஏற்கெனவே பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் பயந்து அதை வீச வேண்டாம். ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்கள். விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் வரைக்கும் நீடித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்துகொள்ளலாம். அல்லது இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு, லிப்ரே ஒபிஸில் வேலை செய்யலாம். பிள்ளைகள் படிக்க அது தாராளம். சனிக்கிழமை பின்னேரங்களில் கொண்டுவந்தால், ஐ.சி.டி. படிக்கிற என் மாணவர்களோடு சேர்ந்து செய்து தருகிறேன். காசு வேண்டாம்.

அந்தப் பிள்ளைக்கு என் கையால் பாவித்த எட்டாம் ஜெனரேஷன் ஒபிஸ் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அது நான் பட்ட கடன். ஆனால் பழைய வேலை திரும்பவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். புதிதாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். கணக்கு எழுத ஆள் தேவைப்படும் கடைக்காரர்கள், மிளகு மொத்த வியாபாரிகள் யாரும் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். அவளுடைய கணக்கில் பிழை வராது. பிழை விட்டது அவளுடைய வாத்தியார்.